ரெமிஜியஸின் ஆறு கிராம் உப்பு

ரெமிஜியஸின் சட்டைப்பையில் எப்போதும் வாய் அகன்ற ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்கும். பொடி போடுவதை விட்டுப் பதினோரு வருஷமாகிறது, டப்பாவைத்தான் விடவில்லை. இப்போது அதில் இருப்பது கல் உப்பு. அவருக்கு அல்ல, மீன்களுக்கு.

மீனுக்கு வருகிற எந்த வியாதிக்கும் உலகத்தில் மருந்து ஒன்றுதான் என்பது அவருடைய கட்சி. உடம்பில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் உப்பு. துடுப்பு அரித்துப்போனால் உப்பு. புது இடத்துக்கு வந்த மீன் மிரண்டுபோய் மூலையில் நின்றால் அதற்கும் உப்பு. ஐந்து விரலையும் குவித்து ஓர் அள்ளு அள்ளி, சிலுவை போடுகிற மாதிரி தொட்டியின் நான்கு பக்கமும் தூவுவார். மீன் பிழைத்துக்கொண்டால் பெருமை உப்புக்கு. செத்துப்போனால், ஸ்வல்ப முன்னாடியே வந்திருக்கணும் என்று பழி மீன் வளர்த்தவருக்கு. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதே வழக்கம்தான் என்பதால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பெங்களூர் விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவர். அங்கேயே வளர்ந்து, பக்கத்துச் சந்து மௌரீனைக் கட்டிக்கொண்டு, அங்கேயே தலையும் நரைத்தவர். பத்தாவதோடு படிப்பு அவரை விட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஜோர்டான் அக்வேரியம் என்று ஒரு கடை நடத்தினார். வியாழக்கிழமை நொவேனா ஜெபத்துக்கு வருகிற கூட்டம் மெழுகுவத்தி வாங்கும். பிள்ளை அடம்பிடித்தால் கூடவே ஒரு ஜோடி தங்கமீனும் வாங்கும். கோரமங்களாவிலிருந்து காரில் வருகிறவர்கள் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக மீன் கேட்பார்கள். ரெமிஜியஸ் முகம் சுளிக்காமல் சோபாவின் போட்டோவை வாங்கிப் பார்த்து, அச்சு அசல் அதே நிறத்தில் மீன் கொடுத்து அனுப்புவார். மீன் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர்கள் அடுத்த வாரம் திரும்பி வரும்போது வேறு நிறத்தில் இன்னொரு ஜோடி விற்பார்.

கட்டிடத்தை இடித்து அபார்ட்மெண்ட் கட்டினார்கள், கடை போயிற்று. பழைய வாடிக்கையாளர் நோயல், ஓசூர் ரோட்டுப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அலுவலகத்தில் இருந்தார். அங்கே மீன் அறைக்கு ஆள் எடுக்கிறார்கள், வருஷ ஒப்பந்தம், போய்ப் பாருங்கள் என்றார். இவர் போனார். மீனுக்கு உடம்பு சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அங்கே எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டார் பேராசிரியர் சரளா. மற்றவர்கள் தண்ணீரின் அமிலம், காரம், வெப்பம் என்று நன்றாகப் படித்துவிட்டு வந்து ஒப்பித்தார்கள். சாப்பாடு போட்டதும் எது கடைசியாக வருகிறதோ அதுதான் என்றார் இவர். வேலை இவருக்குக் கிடைத்தது.

இப்படியாக ஆறு வருஷம். மீன் அறையில் சுவரோடு சுவராகக் கண்ணாடித் தொட்டிகள் அடுக்கியிருக்கும். எல்லாவற்றிலும் நீலக் கோடு போட்ட, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஜீப்ரா மீன்கள். எண்களெல்லாம் ரெமிஜியஸுக்கு ஆகாது. நல்ல தீனியும் தாராளமான இடமுமாக இருந்த பெரிய மீன்களின் வரிசைக்கு வைட்ஃபீல்ட் என்று பேர் வைத்தார். குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த வரிசை எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. ஹாஸ்டல். "வைட்ஃபீல்ட்ல தண்ணி வரல மேடம்" என்று அவர் ஒருநாள் போனில் சொன்னதைக் கேட்டு, வைட்ஃபீல்டில் குடியிருந்த சரளா பாதி வழியில் வண்டியைத் திருப்பிய கதையும் உண்டு.

சரளா நல்லவர், கண்டிப்பானவர். அவருடைய அறையில் சட்டம் ஒன்றே ஒன்று. நோட்டில் எழுதாமல் எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது. ரெமிஜியஸ் இந்தச் சட்டத்தை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார், உப்பைத் தவிர.

இந்தச் சமயத்தில்தான் மமதாவின் சோதனை தொடங்கியது. மமதா கோலார் தங்கவயல் பெண், சரளாவிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், நோட்டில் இங்கிலீஷ். ரெமிஜியஸை அங்கிள் என்பாள். அவர் அவளை மமதாம்மா என்பார். பதினொரு மணி டீக்கு ஒருவரை விட்டு ஒருவர் போனதில்லை.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் வெள்ளி. நகைக்கடை வெள்ளியல்ல, கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள். ஒரு தலைமுடியைக் குறுக்கே ஐயாயிரம் கூறாகப் பிளந்தால் அதில் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு. நாற்றம் பிடிக்காத சாக்ஸ், புண்ணுக்குப் போடும் கட்டு, தண்ணீர் சுத்திகரிக்கும் பில்டர் என்று இப்போது எதில் பார்த்தாலும் அந்தத் துகளைச் சேர்க்கிறார்கள். சாக்ஸைத் துவைத்தால் அது சாக்கடைக்குப் போகும். பெங்களூர்ச் சாக்கடை கடைசியில் ஏதாவது ஓர் ஏரியைத்தான் போய்ச் சேரும். ஏரியில் இருக்கிற மீனுக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதிலும் குறிப்பாக, ஒரே எடை வெள்ளியைச் சின்னத் துகளாகப் போட்டால் என்ன, பெரிய துகளாகப் போட்டால் என்ன என்பது.

ரெமிஜியஸுக்கு இது வேண்டாத வேலையாகத் தோன்றியது. மௌரீன் வீட்டில் நாலு தலைமுறைக் குழந்தைகளுக்கு வெள்ளிச் சங்கில்தான் பால் புகட்டினார்கள், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மௌரீனுக்கு வாய்தான் கொஞ்சம் அதிகம் என்றார்.

"சங்கு பெரிய கட்டி அங்கிள்" என்றாள் மமதா. "அச்சு வெல்லத்த அப்படியே தண்ணில போட்டா மெதுவா கரையும். அதையே தூள் பண்ணிப் போட்டா சட்டுனு கரைஞ்சிடும்ல? எடை ஒண்ணுதான், தண்ணி படுற இடம் ஜாஸ்தி."

வெள்ளியும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கரைந்தது போய் மீனின் செவுளில் உட்கார்ந்து மூச்சை அடைக்கும், துகள் சிறுக்கச் சிறுக்க இது வேகமாக நடக்கும் என்று அவள் விளக்கினாள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றார் ரெமிஜியஸ். குறையாது என்பது சரி, கூடுகிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பாடு என்றாள் அவள்.

கறுப்புக் காகிதம் சுற்றிய மூன்று புட்டிகள் வந்தன. மேலே ஏ, பி, சி என்று மட்டும் எழுதியிருந்தது. எதில் இருபது நானோமீட்டர், எதில் அறுபது, எதில் நூறு என்பது சரளாவுக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதி உறையில் போட்டு ஒட்டி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். எண்ணுகிறவர்களுக்குத் தெரிந்தால் கண் ஒருபக்கம் சாயும் என்பது அவர் பயம். ஐந்து லிட்டர் தொட்டிகள் நான்கு. மூன்றில் ஆளுக்கொரு வெள்ளி, நான்காவதில் வெறும் தண்ணீர். தொட்டிக்குப் பத்து மீன், நாலு நாள் கணக்கு. தினமும் காலையில் செத்ததை எண்ணி எழுத வேண்டியது ரெமிஜியஸ்.

முதல் சுற்றில் இரண்டாம் நாளே ஏ தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள் மூடி படபடவென்று அடித்தது. சாப்பாடு போட்டால் எதுவும் வரவில்லை, எல்லாமே கடைசி. நாலாம் நாள் முடிவில் ஏ தொட்டியில் ஏழு, பி தொட்டியில் மூன்று, சி தொட்டியில் ஒன்று, வெறும் தண்ணீரில் எதுவும் சாகவில்லை. மமதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏ-தான் ஆகச் சின்னத் துகளாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு, நினைத்த மாதிரியே படிப்படியாக வந்திருக்கிறது என்று டீக்கடையில் இரண்டு வடை வாங்கிக் கொடுத்தாள். ரெமிஜியஸ் வடையைத் தின்றார். ஆனால் ஏழு மீன் வாயைப் பிளந்து நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு ஆயுசில் அதுதான் முதல் தடவை.

இரண்டாம் சுற்றில் அவருக்குப் பொறுக்கவில்லை. தொட்டி தயார் செய்யும்போது தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று அளந்து எழுதுவதும் அவர் வேலைதான். ஒழுங்காக அளந்தார், எழுதினார், அதில் ஒரு புள்ளிகூடப் பொய்யில்லை. மத்தியானம் மமதா சாப்பிடப் போன நேரத்தில் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். ஏ தொட்டியில் ஓர் அள்ளு, நாலு பக்கமும். எதுவும் போகக்கூடாது என்று சட்டம் சொல்வது மருந்தைத்தான், உப்பு மருந்தில்லையே, சாப்பாட்டுச் சாமான் அல்லவா என்று தனக்குத்தானே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்து தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சுற்றில் ஏ தொட்டியில் செத்தது ஒன்றே ஒன்று. ரெமிஜியஸ் உள்ளுக்குள் உப்புக்கு ஒரு ஜே போட்டார். மமதா நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் சுற்று வந்தபோது அவருக்கு வேறு உறுத்தல். ஏ மீனுக்கு மட்டும் போட்டுவிட்டு பி மீனையும் சி மீனையும் விட்டால் அவையெல்லாம் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளா? மூன்று தொட்டிக்கும் போட்டார். கோபித்துக்கொள்ளப்போகிறதே என்று வெறும் தண்ணீர்த் தொட்டிக்கும் போட்டார். நாலு நாள் கழித்து நாற்பது மீனும் குதித்து விளையாடின. ஒரு சாவு இல்லை.

சரளா மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏ தொட்டியில் முதலில் ஏழு, பிறகு ஒன்று, பிறகு பூஜ்யம். ஒன்று வெள்ளி பொய் சொல்கிறது, இல்லையென்றால் கை பொய் சொல்கிறது என்றார். வெள்ளியை அவரே சோதித்துப் பார்த்தார், அது சரியாகத்தான் இருந்தது. மிஞ்சியது கை. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு முன்னால் மமதா கணக்குக் காட்ட வேண்டும். அதற்குள் இது ஒழுங்காக வராவிட்டால் ஆய்வேட்டில் இந்த அத்தியாயமே வேண்டாம், தூக்கிவிடு என்று சொல்லிவிட்டார். மமதாவின் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. வேறு அத்தியாயம் எழுத நேரமில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அதற்கு மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு மமதா டீக்குப் போகவில்லை. மீன் அறையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வலது கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகத் திட்டியிருந்தால் ரெமிஜியஸ் தாங்கியிருப்பார், அழுதிருந்தாலும் தாங்கியிருப்பார். அவள் இரண்டையும் செய்யவில்லை.

"எனக்கு லேப் கை இல்லன்னு மேடம் நினைக்கிறாங்க அங்கிள். மூணு நாளா யோசிச்சேன், எனக்கும் அப்படித்தான் தோணுது. பேசாம பி.எட். சேந்துடறேன்."

ரெமிஜியஸ் வாயைத் திறந்தார், மூடினார். அவர் வளர்த்த எந்த மீனும் அவ்வளவு சரியாக அதைச் செய்திருக்காது. அந்த மார்ச்சிலேயே அவருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சொன்னால் மீன் அறை போய்விடும். ஐம்பத்தாறு வயதில் வேறு எந்த மீன் தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார். சொல்லாவிட்டால் இந்தப் பெண் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மௌரீன் கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷ டீச்சர். திறக்காத டப்பாவைப் பார்த்ததுமே விசாரணையைத் தொடங்கிவிட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மீன் பாவமில்லையா என்று கடைசியாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

"பரீட்சை ஹால்ல நான் பிள்ளைங்களுக்கு விடை சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க பாஸாயிடும்ங்க. அப்புறம் அதுங்களுக்கு என்ன தெரியும்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் மௌரீன்.

அதோடு விடவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், அந்தப் பெண் உங்களை உள்ளளவும் நினைக்கத்தான் போகிறாள் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

ரெமிஜியஸ் முதலில் கடவுளிடம் சொல்வதென்று முடிவு செய்தார், அங்கே ஒப்பந்தம் புதுப்பிக்கிற தொல்லை இல்லை. வியாழக்கிழமை கூட்டத்தில் முட்டி மோதி, பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டார். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபாதர் இருபது நிமிஷமாக வழக்கமான பாவங்களையே கேட்டுச் சலித்துப்போயிருந்தார். மீன் தண்ணீரில் உப்புப் போட்டேன் ஃபாதர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை தடவை என்று கேட்டார். இரண்டு தடவை, ஐந்து தொட்டி என்றார் இவர். திருடினீர்களா என்றால் இல்லை, உப்பு சொந்த உப்பு. பொய் சொன்னீர்களா என்றால் இல்லை, யாரும் கேட்கவேயில்லை. ஒருத்தர் கேட்கும்வரை காத்திருக்கிற உண்மை பாதிப் பொய், அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லுங்கள், பத்து அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள் என்றார் ஃபாதர். பிறகு குரலைத் தாழ்த்தி, தான் தங்கும் பங்கு இல்லத்துத் தொட்டியில் இரண்டு தங்கமீனுக்கு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது, உப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் பேசியது வெளியே வரக்கூடாது. ஃபாதர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. ரெமிஜியஸ்தான் ஊர் முழுக்கச் சொன்னார்.

மறுநாள் பதினொரு மணிக்கு மமதாவின் மேஜையில் மூக்குப்பொடி டப்பாவை வைத்தார். "உங்க கை நல்ல கைம்மா. என் கைதான் சரியில்ல" என்றார். பிறகு தொட்டி வாரியாக, நாள் வாரியாக, ஒன்று விடாமல் சொன்னார்.

மமதா கேட்டு முடித்தாள். அவள் முகம் சிவந்தது. மூன்று மாதம் அங்கிள் என்றாள். எழுந்து வெளியே போய், வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு நடை நடந்தாள். ரெமிஜியஸ் நின்ற இடத்திலேயே நின்றார். திரும்பி வந்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல் தராசை இழுத்து முன்னால் வைத்தாள். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டாள். ஐந்து விரல் கொள்ளுகிற ஓர் அள்ளு என்றார். அள்ளுங்கள் என்றாள். அள்ளினார், தராசு ஆறு கிராம் என்றது. இன்னொரு தடவை என்றாள். ஆறுக்கு ஒரு கடுகு கூட. இன்னொன்று. ஆறுக்கு ஒரு கடுகு குறைய. பத்துத் தடவை அள்ள வைத்தாள். பத்தும் ஆறையே சுற்றிச் சுற்றி வந்தது. அவள் உதடு ஓரத்தில் கோபம் கொஞ்சம் இளகியது, ஆனால் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு அந்தத் தொட்டியில் வேறு ஏதாவது பார்த்தீர்களா என்றாள். ரெமிஜியஸ் யோசித்தார். அடியில் சாம்பல் மாதிரி மெல்லிசாக ஏதோ படிந்திருந்தது, அழுக்கென்று துடைத்துவிட்டேன் என்றார். மமதா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த அழுக்குத்தான் சங்கதியே. அவள் ஒரு குடுவையில் ஏ வெள்ளியை எடுத்து அளக்கிற கருவியில் வைத்தாள். துகள் இருபது நானோமீட்டர். இன்னொரு குடுவையில் அதே வெள்ளியோடு ரெமிஜியஸ் கணக்குக்கு உப்புச் சேர்த்து வைத்தாள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஐந்நூறு, ஆயிரம் என்று வளர்ந்து, கடைசியில் கருவிக்கே பிடிபடாமல் மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தன. அடியில் உட்கார்ந்த வெள்ளி மீனின் செவுளுக்கு வராது. ரெமிஜியஸின் உப்பு மீனைக் குணப்படுத்தவில்லை, வெள்ளியைக் கொழுக்க வைத்திருக்கிறது. புட்டியில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்பது பெரிதல்ல, மீன் முன்னால் வந்து நிற்கும்போது அது என்ன அளவில் இருக்கிறது என்பதுதான் விஷயம். முதல் சுற்று சரி. அவளுடைய கையும் சரி.

சரளாவிடமும் ரெமிஜியஸே போய்ச் சொன்னார். மேடம் கத்தவில்லை. தண்ணீரை அளந்த கணக்கில் இது ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். அளந்த பிறகு போட்டேன் என்றதும் கையை நீட்டினார். மீன் அறைச் சாவியைக் கேட்கிறார் என்று புரிய ரெமிஜியஸுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றிலிருந்து அவருக்குக் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலை. குடுவைகளுக்குப் பேர் வைத்துப் பார்த்தார், ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. பேஜாராகிவிட்டார். மாடியில் யார் தீனி போடுகிறார்கள், கடைசியாக எது வருகிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார். யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி மமதா குழு முன்னால் எல்லாவற்றையும் ஒளிக்காமல் வைத்தாள். உப்பின் பத்து எடைகளையும் திரையில் காட்டியபோது பெரியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டாராம். நல்ல விஷயம், ஆனால் தெரியாமல் நடந்ததைத் தெரிந்தே ஒரு தடவை செய்து காட்டு, அத்தியாயம் நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் சரளா ரெமிஜியஸை மேலே கூப்பிட்டார். மேஜையில் இரண்டு பொருள் இருந்தன. ஒன்று அவருடைய புது ஒப்பந்தம், கையெழுத்தில்லாமல். இன்னொன்று மூக்குப்பொடி டப்பா. அதன் மேல் உப்பு, ஆறு கிராம் என்று சீட்டு ஒட்டியிருந்தது. இரண்டு தொட்டி வைக்கப்போகிறோம், இரண்டிலும் அதே ஏ வெள்ளி, தொட்டிக்குப் பத்து மீன் என்றார். ஒன்றில் உப்பு, ஒன்றில் இல்லை. மீனைப் பார்த்துச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை, ஆகவே எது உப்பு என்று தெரிந்தும் கண் சாயாமல் எண்ணப்போவது நீங்கள். நாலு நாள் எண்ணி முடியுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ரெமிஜியஸ் தலையை ஆட்டினார். எது உப்புத் தொட்டி என்று கேட்டார்.

அதை யாரும் தேர்ந்தெடுக்கக்கூடாது, சீட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றாள் மமதா. வலது, இடது என்று எழுதி மடித்த இரண்டு துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள். ரெமிஜியஸ் இரண்டு தொட்டியையும் பார்த்தார். இருபதும் வைட்ஃபீல்ட் வரிசை மீன்கள், முட்டையிலிருந்து அவர் வளர்த்தவை. தீனி என்று நினைத்து இரண்டு தொட்டியிலும் எல்லாம் முன்னால் வந்து நின்றன, இவர் கையைப் பார்த்துக்கொண்டு. ஆறு கிராமுக்கு ஒரு கடுகு பிசகாத அந்த விரல்களைக் கிண்ணத்துக்குள் விட்டு, பார்க்காமல் ஒரு சீட்டை எடுத்தார். வலது என்று வந்தது. டப்பாவிலிருந்த உப்பை வலது தொட்டியில் நாலு பக்கமும் தூவினார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே ஒரு கல்கூட இல்லை என்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவருக்குத்தான் அவசியமாக இருந்தது. நோட்டில் நேரத்தோடு எழுதினார்.

நாலு நாளும் அவர் இடம் விட்டு நகரவில்லை. ஸ்டூலை இடது தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தபோது கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று, காலி டப்பாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. பதினொரு மணிக்கு மமதா டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வலது பக்கம் தலையைத் திருப்பி எண்ணுவார், எழுதுவார், உடனே இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். நாலாம் நாள் இடது தொட்டிக்கு நேரே ஏழு என்று எழுதினார். வலது தொட்டிக்குப் பூஜ்யம். ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் மமதா வலது கையை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். பி.எட். பேச்சு அதோடு முடிந்தது.

சரளா வந்து நோட்டைப் பார்த்தார், உறையைப் பிரித்து ஏ என்பது இருபதுதான் என்று காட்டினார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், சாவியைக் கொடுத்தார். போகிறபோது ஸ்டூலைக் கவனித்தார். இரண்டு தொட்டியையும் எண்ண வேண்டியவர், நடுவில் போட்டுக்கொள்ளாமல் ஏன் நாலு நாளும் இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் உப்பு இருக்கு மேடம்" என்றார் ரெமிஜியஸ். "இந்தப் பக்கமும் யாராவது இருக்கணும்ல."